கண்ணைக் கட்டிக்கிட்டுக் கேளு மச்சி!

ஒவ்வொரு ஹாஸ்டல்லயும் ஒரு ‘ஆடியோ அண்ணன்’ இருப்பார். நாம ரூமுக்குள்ள காலை வெச்ச உடனே காதுல ஒரு ஹெட்போனை மாட்டிவிட்டு, நம்ம முகத்தையே உத்துப் பார்ப்பார். ‘‘எப்படி இருக்கு? திரை விலகின மாதிரி இல்ல? வயலின் தனியா, புல்லாங்குழல் தனியா நிக்குதுல்ல? பேஸ் எவ்ளோ டைட்டா இருக்கு பார்த்தியா?’’

எதிர்ல நிக்கிற ஜூனியர் என்ன சொல்வான்? ‘‘ஆமாண்ணா, செமண்ணா!’’ இல்லைன்னு சொன்னா அப்புறம் பழைய கொஸ்டின் பேப்பரெல்லாம் யார் தருவா?

இந்த வாரம் அந்த அண்ணன் மேஜையில இருக்கிற சின்னப் பெட்டியைப் பத்தித்தான். பேரு டாக். (பயப்படாதீங்க, குரைக்காது.) டிஜிட்டல் டு அனலாக் கன்வெர்ட்டர்ங்கிறதோட சுருக்கம். போன்லயும் லேப்டாப்லயும் இருக்கிற பாட்டு வெறும் எண்கள். சி.டி. தரம்னா செகண்டுக்கு 44,100 எண்கள், ஒவ்வொண்ணும் 65,536 படிகள்ல ஏதோ ஒரு படி. இடது காதுக்குத் தனி, வலது காதுக்குத் தனி. அந்த எண்களை, ஹெட்போனை அதிர வைக்கிற மின்சாரமா மாத்துறதுதான் டாக்கோட வேலை. ஈ.சி.ஈ. மக்கள் ஆர்-2ஆர் லேடர்னு படம் போட்டு மார்க் வாங்கியிருப்பீங்க. இப்ப வர்ற ஆடியோ சிப்கள்ல பெரும்பாலும் டெல்டா-சிக்மா வகை. ரூட் வேற, ஊர் ஒண்ணுதான்.

2016-ல ஐபோன் 7 ஹெட்போன் ஓட்டையை எடுத்துச்சு. பல ஆண்ட்ராய்டு போன்களும் அதே வழியில போயிடுச்சு. அதனால வயர் இயர்போன் பிரியர்கள் எல்லாரும் டாங்கிள் வாங்க வேண்டியதாயிடுச்சு. அந்த டாங்கிளுக்கு உள்ளேயும் ஒரு டாக் இருக்கு. ஆயிரம் ரூபாய்ல ஆரம்பிச்சு, லட்சத்தைத் தாண்டியும் டாக் விக்குது. ப்ளூடூத் பட்ஸ் போடறவங்க மட்டும் ஒரு நிமிஷம் நில்லுங்க... உங்க டாக் அந்த பட்ஸுக்குள்ளயே இருக்கு. வெளியில எத்தனை ஆயிரத்துக்குப் பெட்டி வாங்கினாலும் அதுக்கும் உங்க காதுக்கும் சம்பந்தமே கிடையாது. இதைப் படிச்சதுல உங்க பர்ஸ் தப்பிச்சிருந்தா எனக்கு ஒரு டீ!

என் ரூம்மேட் பர்ஸ் அவ்ளோ சுலபத்துல தப்பிக்கலை. சனி, ஞாயிறு ஆனா கேட்டரிங் ஆளுங்களோட கல்யாண மண்டபத்துக்குப் போய், இலை போட்டு சாம்பார் ஊத்திச் சேர்த்த காசு. 12,000 ரூபாய். அதை மொத்தமா எடுத்து ஒரு டாக் வாங்கப் போறேன்னு நின்னான். சீனியர் அண்ணன்கிட்ட ரெண்டு நாள் இரவல் வாங்கிக் கேட்டிருக்கான். ‘‘மாப்ள, என் டாங்கிளுக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்டா!’’

அவன் கேட்டது பொய்யில்லை. நிஜமாவே வித்தியாசமாத்தான் கேட்டிருக்கும். ஆனா அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்துச்சு?

முதல் சந்தேகம் வால்யூம் மேல. மேஜை மேல வைக்கிற டாக்குங்க வழக்கமா 2 வோல்ட் வரைக்கும் தள்ளும். போன் டாங்கிள்கள் பலதும் 1 வோல்ட்லயே நின்னுடும். மின்னழுத்தம் ரெண்டு மடங்குன்னா 6 டெசிபல் கூடுதல். அவ்ளோ பெரிய வித்தியாசம்னா யாருக்கும் தெரியும், உடனே வால்யூமைக் குறைச்சுடுவோம். வில்லன் அவன் இல்லை பாஸ். அரை டெசிபல், ஒரு டெசிபல்னு பதுங்கி வர்றான் பாருங்க, அவன்தான் வில்லன். அந்தச் சின்ன வித்தியாசம் ‘சத்தம் ஜாஸ்தி’ன்னு தோணாது. ‘தெளிவு ஜாஸ்தி’, ‘பேஸ் நல்லா இருக்கு’ன்னு தோணும்.

ஏன்? அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ல இருந்த ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதுக்கு கிராஃப் போட்டு வெச்சுட்டாங்க. நம்ம காது எல்லா சுருதிக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது. சத்தம் கம்மியா இருக்கிறப்ப அடித்தட்டு பேஸ் சுத்தமா அடங்கிடும். சத்தம் ஏற ஏற பேஸ் கொஞ்சம் கொஞ்சமா வெளியே வரும். அதனால, ஒரே பாட்டை ஒரு பொட்டு சத்தமா வெச்சாலே ‘ரிச்’சா தெரியும். ரெண்டு டாக்கை அப்படியே மாத்தி மாத்திக் கேக்கறது, ஒரு தோசைக்கு நெய் விட்டு, இன்னொண்ணுக்கு விடாம, எந்தக் கடை மாவு பெஸ்ட்னு கேக்கற மாதிரி!

‘‘அதெல்லாம் நான் காதாலயே சமமா வெச்சுட்டுத்தான்டா கேட்டேன்’’னு நம்மாளு சத்தியம் பண்ணினான். அளந்து பார்த்துடலாம்னு இறங்கினோம்.

இங்க ஒரு சிக்கல். நம்ம எல்லார் பெட்டியிலயும் தூங்குற மஞ்சக் கலர் மல்டிமீட்டர் இருக்கே, அதுல ஏ.சி.க்கு பெரும்பாலும் 200 வோல்ட், 750 வோல்ட்னு ரெண்டே ரேஞ்ச்தான். கரன்ட் இருக்கா இல்லையான்னு பார்க்க ஓகே. நமக்கு வேண்டியது மில்லிவோல்ட். 0.1 டெசிபலுக்குள்ள சமம் பண்ணணும்னா மின்னழுத்தத்துல 1.2 சதவிகிதத்துக்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாது. சி.ஆர்.ஓ. திரையில கட்டம் எண்ணிப் பார்க்கிற கணக்கெல்லாம் இதுக்குப் பத்தாது. காலேஜ் லேப்ல மேஜை மேல வைக்கிற டிஜிட்டல் மீட்டர் இருக்கும். லேப் அசிஸ்டென்ட் அண்ணன்கிட்ட நல்ல பேர் இருந்தா அரை மணி நேரம் கிடைக்கும். எங்களுக்குக் கிடைச்சுது.

1,000 ஹெர்ட்ஸ் டோனை ஓட விட்டு, இயர்போனை மாட்டி வெச்சபடியே அளக்கணும். சும்மா வெறும் ஜாக்ல அளந்தா லோடு இல்லாம வேற ரீடிங் காட்டும். மாட்டி வெச்சபடின்னா ஜாக்ல! காதுல இல்ல. அந்த ‘கொய்ங்’ சத்தத்தைக் காதுல வாங்கினா அன்னிக்கு டெஸ்ட் அதோட முடிஞ்சுது.

டாங்கிள் 0.100 வோல்ட். பெட்டி 0.116 வோல்ட். அதாவது, ‘காதாலயே சமமா’ வெச்சதுல பெட்டி 1.3 டெசிபல் சத்தமா இருந்துச்சு. ஈக்வலைசர் சாஃப்ட்வேர்கள்ல ப்ரீ-ஆம்ப்னு ஒரு ஸ்லைடர் இருக்கும், அதை 0.1 டெசிபல் படியா நகர்த்தலாம். அதுல பெட்டியை இறக்கி ரெண்டையும் ஒரே கோட்டுல நிறுத்தினோம்.

அடுத்த வில்லன் கண்ணு. எது 12,000 ரூபாய்ப் பெட்டின்னு கண்ணுக்குத் தெரிஞ்சா காது தானா கட்சி மாறிடும். ஆள் எவ்ளோ நேர்மையா இருந்தாலும் இது நடக்கும். கண்ணை மட்டும் கட்டினாலும் போதாது. பெர்லின்ல நூறு வருஷத்துக்கு முன்னாடி ஹான்ஸ்னு ஒரு குதிரை இருந்துச்சு. கூட்டல், கழித்தல் கேட்டா குளம்பால தட்டியே பதில் சொல்லும். ஊரே வாயைப் பிளந்துச்சு. 1907-ல ஆஸ்கர் ஃபுங்ஸ்ட்ங்கிறவர் உட்கார்ந்து சோதிச்சார். கேள்வி கேக்கறவருக்கே பதில் தெரியலைன்னா குதிரைக்கும் தெரியலை! சரியான எண்ணிக்கை வந்ததும் கேக்கறவர் தலையும் உடம்பும் லேசா அசையறதைப் பார்த்துத்தான் அது தட்டறதை நிறுத்தியிருக்கு. ஏமாத்தணும்னு அந்த ஆளுக்கும் எண்ணம் கிடையாது, குதிரைக்கும் கிடையாது. நம்ம ஆடியோ அண்ணன் ஜூனியர் முகத்தை உத்துப் பார்க்கிறப்ப நடக்கறதும் ஏறக்குறைய இதான்.

அதனால, கேக்கறவனுக்கு மட்டுமில்ல, அவன் பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவனுக்கும் பதில் தெரியக் கூடாது. இந்த முறைக்கு ஏபிஎக்ஸ்னு பேரு. ஏ-ங்கிறது டாங்கிள், பி-ங்கிறது பெட்டி. எக்ஸ் ரெண்டுல ஒண்ணு, எதுன்னு சொல்ல மாட்டாங்க. ஏ, பி ரெண்டையும் எத்தனை தடவை வேணா கேட்டுக்கலாம். கடைசியில எக்ஸ் எதுன்னு சொல்லணும், அவ்ளோதான். ஏபிஎக்ஸ்ங்கிற பேர்ல 1950-லேயே ஒரு கட்டுரை வந்திருக்கு, எழுதினவங்கள்ல ஒருத்தர் அதே பெல் லேப்ஸ் மன்சன்! ஆடியோ சாமான்களை ஒப்பிட சுவிட்ச் வெச்ச ஏபிஎக்ஸ் பெட்டியை டேவிட் கிளார்க் 1982-ல ஆடியோ இன்ஜினீயரிங் சொசைட்டி ஜர்னல்ல விளக்கி எழுதினார்.

நம்ம ஏபிஎக்ஸ் பெட்டி, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின ஆறு கால் டாகிள் சுவிட்ச். நடுக் கால் ரெண்டும் இயர்போனுக்கு, ஒரு பக்கக் கால் ரெண்டும் டாங்கிளுக்கு, மறு பக்கம் பெட்டிக்கு. கிரவுண்டு மூணுக்கும் பொது. லினக்ஸ்ல ஒரே பாட்டை ரெண்டு அவுட்புட்டுக்கும் ஒரே நேரத்துல அனுப்பற வசதி இருக்கு. ரூமுக்குக் குறுக்கே கொடியில பெட்ஷீட். பெட்ஷீட்டுக்கு அந்தப் பக்கம் சுவிட்ச் போடறவன். காரிடார்ல ஒருத்தன் ஏற்கெனவே 16 தடவை காசு சுண்டி, பூ-தலை லிஸ்ட்டை அவன் கையில குடுத்தாச்சு. இந்தப் பக்கம் காதுல இயர்போனோட நம்மாளு, பக்கத்துல பேனா பேப்பரோட நான். லிஸ்ட் எனக்கும் தெரியாது.

சின்னச் சின்ன ஓட்டையெல்லாம் அடைக்க வேண்டியிருந்துச்சு. ‘பி’யைக் கேட்டு முடிச்ச உடனே எக்ஸ் போடறப்ப, எக்ஸும் பி-யா இருந்தா சுவிட்சைத் தட்ட வேண்டியதே இல்ல. ‘டக்’னு சத்தம் வரலைன்னாலே ஆன்சர் வெளியே வந்துடும்! அதனால, என்ன இருந்தாலும் சுவிட்சை அங்கிட்டும் இங்கிட்டும் தட்டிட்டுத்தான் நிறுத்தணும்னு ரூல். ஒரு டாக் கொஞ்சம் தாமதமா பாடினாலும் மாத்துற நொடியில பாட்டு குதிக்கும், அதுவும் க்ளூ. அதனால பாட்டை நிறுத்திட்டு சுவிட்சை மாத்தி, அதே பத்து செகண்ட் துண்டை முதல்ல இருந்து போட்டோம். முழுப் பாட்டு வேண்டாம். சத்தத்தோட நுணுக்கம் நம்ம ஞாபகத்துல சில நொடிதான் தங்கும். நேத்து அண்ணன் ரூம்ல கேட்டதையும் இன்னிக்கு நம்ம ரூம்ல கேக்கறதையும் ஒப்பிடறதுக்குப் பேரு டெஸ்ட் இல்ல, மலரும் நினைவுகள்.

பாட்டு அவனோட சாய்ஸ். அவனுக்கு மனப்பாடமா தெரிஞ்சது, ஜால்ரா சத்தம் தேய்ஞ்சு அடங்குற இடம், வயலின் மட்டும் மெதுவா வர்ற இடம்னு அவனே பொறுக்கினான். அவசரப்படுத்தலை. நடுவுல டீ குடிச்சோம். டெஸ்ட்ல பதட்டப்பட்டுக் கோட்டை விட்டேன்னு அப்புறம் யாரும் சொல்லிடக் கூடாதுல்ல!

ரிசல்ட்: 16-க்கு 9.

பாதிக்கு மேலதானேன்னு கேப்பீங்க. ஒண்ணுமே கேக்காம காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் நூத்துக்கு நாப்பது தடவை 9 இல்ல அதுக்கு மேல வரும். 16-க்கு 12 எடுத்திருந்தா கதையே வேற. சும்மா அடிச்சு விட்டு 12 வர்ற வாய்ப்பு 4 சதவிகிதம்கூடக் கிடையாது. ‘‘அஞ்சாவதுக்கு மேல நான் குத்துமதிப்பாத்தான்டா சொல்லிட்டிருந்தேன்’’னு அவனே சொன்னான். அதுவும் அளந்து சமம் பண்ணின பிறகு. 1.3 டெசிபலை எடுத்த உடனே மலையும் மடுவும் ஒரே மட்டத்துக்கு வந்துடுச்சு.

இந்த எண்ணிக்கை விஷயத்துல நிறைய பேர் சறுக்குறாங்க. பத்து தடவை வெச்சு 7 சரின்னா ‘தங்கக் காது’ன்னு பட்டம் குடுத்துடறாங்க. சும்மா சொன்னாலே 7 இல்ல அதுக்கு மேல வர 17 சதவிகித வாய்ப்பு இருக்கு. அதுவே ஆறு பேர் உட்கார்ந்தா, அதுல ஒருத்தனாவது 7 எடுக்கிற வாய்ப்பு மூணுல ரெண்டு பங்கு! ஃப்ளோர்ல இருக்கிற ஆறு ரூம்ல டெஸ்ட் வெச்சா, எவனோ ஒருத்தன் தங்கக் காதனா வெளியே வந்தே தீருவான். அவனை மறுபடி உட்கார வெச்சு இன்னொரு 16 தடவை கேக்கணும்.

‘ஆக, எல்லா டாக்கும் ஒண்ணுதான்’னு இப்ப யாராவது கொடி பிடிச்சா, அதுக்கும் நான் ஆள் இல்ல. 9/16-னா ‘இந்த ஆளுக்கு, இந்த இயர்போன்ல, இந்தப் பாட்டுல, இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் பிடிபடலை’ன்னுதான் அர்த்தம். டெஸ்ட் நியாயமானதா இருக்கணும்னா, வித்தியாசம் இருக்கிற இடத்துல ‘இருக்கு’ன்னும் அது சொல்லணும். அதையும் சோதிச்சோம். பெட்டியைக் கழட்டிட்டு, ரூம்ல கிடந்த பழைய லேப்டாப்போட ஹெட்போன் ஜாக்கை மாட்டினோம். அதே அளவு, அதே பெட்ஷீட், அதே ஆள். 16-க்கு 15!

இதுக்கும் காரணம் டாக் சிப் இல்லைங்கிறதுதான் சுவாரஸ்யம். அவன் இயர்போன்ல காதுக்கு நாலு ட்ரைவர். அந்த மாதிரி இயர்போன்ல இம்பீடன்ஸ் ஒரே சீரா இருக்காது. ஒரு சுருதியில 32 ஓம், இன்னொண்ணுல 8 ஓம்னு வெச்சுக்குங்க. ஜாக்கோட அவுட்புட் இம்பீடன்ஸ் 10 ஓம்னா, ஃபர்ஸ்ட் இயர்ல படிச்ச வோல்டேஜ் டிவைடர் கணக்குதான். 32 ஓம் இருக்கிற இடத்துல 2.4 டெசிபல் இறங்கும், 8 ஓம் இடத்துல 7 டெசிபல் இறங்கும். நாலரை டெசிபலுக்கு மேல பாட்டோட டோனே மாறிடும். இதைக் கேக்க தங்கக் காது வேண்டாம், தகரக் காதே போதும். ஜாக்கோட அவுட்புட் இம்பீடன்ஸ், இயர்போன் இம்பீடன்ஸ்ல எட்டுல ஒரு பங்குக்குக் கீழ இருந்தா கவலை இல்லைங்கிறது பொதுக்கணக்கு. வாங்குறப்ப ஸ்பெக் ஷீட்ல நான் முதல்ல தேடற வரி இதுதான். 32 பிட், 768 கிலோஹெர்ட்ஸ்னு அட்டையில தங்க எழுத்துல போட்டிருக்கிறதெல்லாம் அப்புறம்.

வெளியில நடந்த பெரிய டெஸ்ட்டுகளும் கிட்டத்தட்ட இந்த இடத்துலதான் நிக்குது. மேயர், மோரன்னு ரெண்டு பேர் 2007-ல வெளியிட்டது: உயர் தர டிஸ்க்கை நேராவும், நடுவுல சி.டி. தரத்துக்கு இறக்கியும் போட்டுக் காட்டினாங்க. 554 தடவைல 276 சரி. சுத்தமா காசு சுண்டின மாதிரி. ஆனா, அதுல பயன்படுத்தின டிஸ்க்குங்க எல்லாம் நிஜமாவே உயர் தரம்தானான்னு பின்னாடி விமர்சனம் வந்துச்சு. லண்டன் குயின் மேரி யுனிவர்சிட்டியில ஜோஷுவா ரைஸ் 2016-ல 18 ஆராய்ச்சிகளை ஒண்ணா சேர்த்துக் கணக்குப் போட்டார். 12,500-க்கும் மேல தடவை, சரியான பதில் 52.3 சதவிகிதம். சின்னதுதான், ஆனா தற்செயல்னு தள்ளிவிட முடியாத அளவு. பயிற்சி எடுத்தவங்க இன்னும் நல்லாவே கண்டுபிடிச்சிருக்காங்க. இது ஃபைல் தரம் பத்தினது, டாக் பத்தினது இல்ல. ஆனாலும் நூத்துக்கு ஐம்பத்திரெண்டுங்கிறது எங்க, மலை-மடு எங்க?

நம்மாளு 12,000-ஐ இன்னும் செலவழிக்கலை. ‘‘அந்தக் குமிழைத் திருப்பறப்ப கிடைக்கிற சுகத்துக்காகவே வாங்கலாம்னு இருக்கு மாப்ள’’ங்கிறான். தாராளமா வாங்கட்டும்! அலுமினியப் பெட்டி, கனமான வால்யூம் குமிழ், மேஜையில பார்க்க அழகு, இதெல்லாமும் காசுக்கு வாங்கற பொருள்தான். 300 ஓம் ஹெட்போன் வெச்சிருக்கிறவங்களுக்கு டாங்கிள்ல சத்தமே பத்தாம போகலாம், அவங்களுக்குப் பெட்டி நிஜமாவே தேவை. அவன்கிட்ட இருக்கிறது அது இல்லைங்கிறதுதான் விஷயம். அந்தக் காசுல இயர்போனை மாத்தினா என்ன ஆகும்னு கேட்டேன். இப்ப அந்த யோசனையிலதான் சுத்துறான்.

கடைக்குப் போய்க் கேட்டு வாங்கறவங்க, ரெண்டு டாக்கையும் உங்க சொந்த இயர்போன்ல, ஒரே பாட்டுல கேளுங்க. மீட்டர் கையில இல்லைன்னா, எது நல்லா இருக்குன்னு தோணுதோ அதை ரெண்டு பாயின்ட் குறைச்சு வெச்சு மறுபடி கேளுங்க. அப்பவும் அதுவே ஜெயிக்குதான்னு பாருங்க. சுவிட்ச் இல்லைங்கிறதுக்காக ரெண்டு டாக்கோட அவுட்புட்டையும் ஒய் கேபிள்ல ஒண்ணா சேர்த்துடாதீங்க. ஒண்ணு இன்னொண்ணுக்குள்ள மின்சாரத்தைத் தள்ளும், டெஸ்ட்டும் போகும், டாக்கும் போகலாம்.

சால்டரிங் எல்லாம் ஆகாதுங்கிறவங்களுக்கு ஒரு சுலப ரூட் இருக்கு. லேப்டாப்ல ஃபூபார்2000-னு இலவச பிளேயர், அதோட ஏபிஎக்ஸ் இணைப்பு. இதுல டாக்கை ஒப்பிட முடியாது, ஆனா உங்க காதை டெஸ்ட் பண்ணலாம். ஒரு ஃப்ளாக் ஃபைலை எடுத்து நீங்களே 320 கே எம்பி3-யா மாத்தி, ரெண்டையும் அதுல போடுங்க. ஒளிச்சு வைக்கிறது, மாத்தறது, மார்க் போடறது எல்லாம் அதுவே பார்த்துக்கும். ஒரே ஒரு கண்டிஷன்: 16 தடவைன்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டு உட்காருங்க. எட்டாவது தடவையிலேயே ‘ஆறு கரெக்ட், போதும்’னு எந்திரிச்சா அது செல்லாது.